எலி ஏறிய தீவும் ஏறாத தீவும்

"வயல் உரம் கடலில் கலந்தால் பவளப்பாறை கெடும் என்று எழுதுகிறீர்கள். கடற்பறவை எச்சம் பாறைக்கு நல்லது என்றும் எழுதுகிறீர்கள். அதுவும் உரம்தானே, அது மட்டும் எப்படி நல்லது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பவளம் சத்துக் குறைந்த தெளிந்த நீரில் வாழப் பழகிய உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு அதற்குச் சோறு போடுகிறது. சாக்கடையும் உரமும் வந்து சேர்ந்தால் வெளியே வளரும் பாசி கொழுத்துப் பவளத்தை மூடிவிடும். ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் அதுதான் நடந்தது. 1970களின் கடைசியில் கழிவுநீரை ஆழ்கடல் பக்கம் திருப்பிவிட்ட பிறகே அங்கே பவளம் தேறியது. வயல் நீரில் பெரும்பாலும் நைட்ரஜன் ஏராளம், பாஸ்பரஸ் கொஞ்சம். இந்த ஏற்றத்தாழ்வில் உள்ளே இருக்கும் நுண்பாசி நலிந்து, வெப்பம் கூடும்போது பவளம் சீக்கிரம் வெளுத்துப்போகிறது. எச்சத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

சரி, எச்சம் உண்மையிலேயே பாறைக்குப் போய்ச் சேருகிறதா? மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இதற்கு விடை இருந்தது. பழைய காலக் கப்பல்களோடு வந்த எலிகள் சில தீவுகளில் ஏறி, முட்டையையும் குஞ்சையும் தின்று பறவைகளை ஒழித்தன. பக்கத்துத் தீவுகளில் எலியே இல்லை. கடல் சூழலியல் ஆய்வாளர் நிக் கிரகாம் தலைமையிலான குழு இரு வகையிலும் ஆறாறு தீவுகளை ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டது. எலி இல்லாத தீவுகளில் பறவை அடர்த்தி 760 மடங்கு, மண்ணில் விழும் நைட்ரஜன் 251 மடங்கு!

அந்த நைட்ரஜனைப் பின்தொடர்ந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நைட்ரஜன் அணுவில் இரண்டு வகை: எடை 14, எடை 15. பதினைந்து மிக அரிது. உயிர்கள் கழிவில் லேசானதைக் கூடுதலாக வெளியேற்றி, கனமானதைச் சற்றே அதிகமாக உடம்பில் நிறுத்திக்கொள்கின்றன. மிதவை உயிரைச் சிறுமீன் தின்று, சிறுமீனைப் பெரிய மீன் தின்று, அதைப் பறவை தின்னும்போது ஒவ்வொரு படியிலும் கனமான நைட்ரஜனின் பங்கு ஏறுகிறது. ஆகவே நடுக்கடலில் இரை தேடிவிட்டுத் தீவுக்குத் திரும்பும் பறவையின் எச்சத்தில் ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. எலி இல்லாத தீவுகளில் அந்த முத்திரை மண்ணில் தெரிந்தது, இலையில் தெரிந்தது. மழையோடு கடலில் இறங்கி, கரையோரப் பாசியிலும், அந்தப் பாசித் திட்டைத் தன் தோட்டம்போல் காவல் காத்து மேயும் சிறு மீனின் தசையிலும் தெரிந்தது. அந்த மீன், எலித் தீவின் மீனைவிட வேகமாக வளர்ந்திருந்தது. பாறையில் மீன்களின் மொத்த எடையே 48 சதவீதம் கூடுதல். அதில் கிளிமீன்களும் உண்டு. செத்த பவளத்தைச் சுரண்டித் தின்று, புதுப் பவளம் வேர்பிடிக்க இடம் ஒழித்துத் தருபவை இவைதான்.

ஆனால் 2015-16 வெப்ப அலையில் எச்சம் பவளத்தைக் காக்கவில்லை. இரு வகைத் தீவுகளிலும் பவளங்கள் ஒரேபோல் செத்தன. அப்புறம் மீண்டு வருவதில்தான் வித்தியாசம்: பறவைத் தீவுகளின் ஓரத்தில் கிளைப் பவளம் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் வளர்ந்தது.

எச்சத்தை அளக்கப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. கடல் சூடேறுவதை ஒரு தீவு தனியாக நிறுத்த முடியாது; எலியை அந்தத் தீவிலேயே ஒழிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் தகும் என்பேன். எலி போனால் மட்டும் போதாது. பழைய தோட்டங்களின் தென்னை அடர்ந்த இடங்களில் பூபி போன்ற கடற்பறவைகள் அதிகம் கூடு கட்டுவதில்லை. அங்கே பழைய காட்டு மரங்களையும் திரும்ப நட்டாக வேண்டும்.