ஏழு வயதில் ஒருமுறை பல்லைக் காட்டுங்கள்

சென்ற வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் தன் 12 வயது மகளை அழைத்து வந்தார். கீழ்த்தாடையில் ஒரு பல் வெளிவர இடமில்லாமல் ஈறுக்குள் சிக்கிக் கிடந்தது. விசாரித்தேன். 7 வயதில் சொத்தையான பால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். “எப்படியும் விழப்போகிற பல்தானே டாக்டர்? எல்லாம் முளைத்த பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.” இந்த மாதத்தில் இதே பதிலைக் கேட்பது நான்காவது முறை.

“எப்படியும் விழப்போகிற பல்” என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பால் பற்களில் முன்பற்கள்தான் 6, 7 வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. மெல்லுவதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. வேலூர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டுதான் பால் பல். துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே நகர்வது, 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாமலேயே அது முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. பல்லைப் பிடுங்கிய கையோடு இடம் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சிகிச்சை தேவைப்பட்டிருக்காது.

7 வயதில் காட்டச் சொன்னால், 7 வயதிலேயே கிளிப் போடுவார்கள் என்று பயப்படாதீர்கள். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் 7 வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறது, பார்க்கத்தான் சொல்கிறது. என்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலானோரை “அடுத்த வருடம் வாருங்கள்” என்றுதான் அனுப்புகிறேன். 8, 9 வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி, பெரும்பாலும் சிங்கப்பல் இறங்கும்போது தானே மூடிக்கொள்ளும். அதற்கு அவசரப்பட வேண்டாம்.

அவசரப்பட வேண்டியவை வேறு. மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறம் கடித்தால் காத்திருக்காதீர்கள். கீழ்ப்பல்லின் ஈறு இறங்கிவிடக்கூடும். வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எத்துப்பல் உள்ள பிள்ளை விளையாட்டில் விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். விரல் சூப்பும் குழந்தையின் விரலில் வேப்பெண்ணெயும் மிளகாயும் தடவாதீர்கள், தயவுசெய்து. திட்டத் திட்ட அந்தப் பழக்கம் இறுகத்தான் செய்யும். 4, 5 வயதைத் தாண்டியும் விடவில்லையென்றால் அழைத்து வாருங்கள், பேசிப் பார்க்கலாம்.

அந்தத் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு 6 வயதுத் தம்பி நின்றிருந்தான். “அவனுக்கு ஒன்றுமில்லை டாக்டர்” என்றார். நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். கீழே பால் கடைவாய்ப் பல்லில் ஒரு கரும்புள்ளி. அன்றே சுத்தம் செய்து அடைத்து அனுப்பினேன்.