ஹாங்க்கி டாங்க்: கள்ளும் பாட்டும் கொஞ்சம் சொக்கலும்

அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி பாட்டு கேட்பவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல் 'ஹாங்க்கி டாங்க்'. மலிவான மதுக்கடை என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிதான். பீரோடு பாட்டும், ஜோடியாக ஆடக் கொஞ்சம் இடமும் இருந்தால்தான் அது ஹாங்க்கி டாங்க்.

1890களிலேயே அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்துப் பத்திரிகைகளில் இந்தச் சொல் அச்சேறிவிட்டது. வேர் மட்டும் பிடிபடவில்லை. 'டாங்க்' என்ற பெயரில் பியானோ விற்ற கம்பெனியிலிருந்து வந்தது என்பார்கள். கதை நன்றாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. எனக்கென்னவோ நம் 'லொடலொட' போல ஒலிக்குறிப்பாகத்தான் படுகிறது.

1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும், டெக்சாஸின் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களை நம்பிச் சாலையோரமெல்லாம் இந்தக் கடைகள் முளைத்தன. அங்கிருந்த இரைச்சலில் சாதாரண கிதார் எடுபடவில்லை. மின்கிதார் உள்ளே வந்தது. 1936இல் கன்ட்ரி பாடகர் அல் டெக்ஸ்டர் பாட்டுத் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். அப்புறம் கடையின் பெயரே இசைக்கும் பெயராகிவிட்டது.

இந்த இசையில் அழுகைப் பாட்டுகள்தான் அதிகம். ஆனால் அங்கே உட்கார்ந்து கண்டவரிடமெல்லாம் சொக்கிப்போகிற வேடிக்கைப் பாட்டுக்குத் தனி ருசி. 1976இல் மிக்கி கில்லி பாடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெறும் பெண்ணைத் தேடி வருகிறான் ஒருவன். கோப்பை காலியாகக் காலியாக, நாலு மதிப்பெண்ணுக்கே இறங்கிவிடுகிறான். கடை மூடும் நேரத்தில் எல்லாரும் அழகிகள்! பாட்டின் தலைப்பும் அதுதான். பெண்களுக்கு மார்க் போடுகிற திமிர் இன்று கொஞ்சம் உறுத்தும்தான். ஆனாலும் கடைசியில் அசடு வழிவது அவன்தான் என்பதால் சிரித்துவிடுகிறோம்.

இதை மெய்யாகவே சோதித்தார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் குழுவினர் மதுக்கடைகளுக்கே போய், இரவு 9, 10.30, 12 மணிக்கு, வந்திருந்தவர்களை அங்கிருந்த எதிர்ப்பாலாருக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். நேரம் ஆக ஆக மதிப்பெண் ஏறியது. 1979இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே இந்தப் பாட்டின் தலைப்புதான்.

கள் உண்டவரைத்தான் மகிழ்விக்கும், காமம் கண்டாலே மகிழ்விக்கும் என்று இரண்டையும் பிரித்து வைத்தார் வள்ளுவர். பாட்டில் வரும் இந்த ஆள் உண்டுவிட்டுக் காண்கிறான். அவனுக்கு எந்தக் கணக்கு?

சரி, ஹாங்க்கி டாங்க்கைத் தமிழில் என்ன சொல்வது? 'மதுக்கூடம்' என்றால் பாட்டு காணாமல் போகிறது. 'பார்' என்றதும் நம்மவருக்கு டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகையும் ஊறுகாய்ப் பாக்கெட்டும்தான் கண்ணில் வரும். பட்டினப்பாலையில் கள் விற்பனைக்கு 'நறவுநொடை' என்றொரு தொடர் உண்டு. அழகுதான், ஆனால் யாருக்குப் புரியும்? ஈழத்தில் கள்ளுக்கடையைத் 'தவறணை' என்பார்கள். ஐரோப்பியர் வழி வந்து தமிழாகிப்போன சொல். பேச்சும் சிரிப்பும் கூட்டமும் அதிலேயே இருக்கின்றன. அதனால் இடத்துக்குப் 'பாட்டுத் தவறணை' என்பது என் தேர்வு. இசை வகைக்கு ஹாங்க்கி டாங்க் அப்படியே இருக்கட்டும். அந்த லொடலொடப்பை வேறு எந்தச் சொல்லிலும் கொண்டுவர முடியவில்லை.