ஜெனோசைடு: இனப்படுகொலையா, இனவழிப்பா?

காந்தி படுகொலை என்கிறோம், இறந்தவர் ஒருவர். ஜாலியன்வாலாபாக் படுகொலை என்கிறோம், இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994இல் டுட்சி மக்களைக் கொன்று குவித்ததை எழுதும்போது அதே சொல்லுக்கு முன்னால் ‘இன’ சேர்த்து இனப்படுகொலை ஆக்கிவிடுகிறோம். நாளிதழ்த் தலைப்புக்கு அது போதும். பாடப்புத்தகத்துக்குப் போதாது என்பது என் கட்சி.

இரண்டும் தமிழாக்க முயல்கிற ‘ஜெனோசைடு’ (genocide) அப்படியொன்றும் பழைய சொல் அல்ல. போலந்து யூதரான சட்ட அறிஞர் ராஃபேல் லெம்கின், 1944இல் வெளியான தன் நூலில் அறிமுகப்படுத்தியது. முன்பாதி கிரேக்கம்: ‘கெனோஸ்’, அதாவது இனம், குலம். பின்பாதி லத்தீனிலிருந்து வந்தது, கொல்வதைக் குறிப்பது. ‘சூயிசைடு’ என்பதில் வருகிற அதே ‘சைடு’. முன்பாதிக்கு நம் ‘இனம்’ அழகாகப் பொருந்துகிறது. இனம் என்றால் ரத்த உறவு மட்டுமல்ல. குறளின் ‘சிற்றினம் சேராமை’யில் அது கூடிப் பழகும் கூட்டம்.

சிக்கல் பின்பாதியில்தான். லெம்கின் சொல்ல வந்தது கொலையை மட்டுமல்ல; ஒரு கூட்டம் கூட்டமாகவே இல்லாமல் போகும்படி அதன் வேர்களை ஒவ்வொன்றாக அறுப்பதை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது. கொல்வது அதில் ஒன்று. உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு செய்வது, வாழவே முடியாத நிலைமைகளைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளை வலிந்து வேறு கூட்டத்துக்கு மாற்றுவது ஆகியவை மற்ற நான்கு. எதுவானாலும், அந்தக் கூட்டத்தை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவதில் ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாமல் இருக்கலாம். அதைப் படுகொலை என்று எப்படிச் சொல்வது? ‘இனவழிப்பு’ என்றால் ஐந்தும் அடங்கும். ஈழத்து எழுத்தில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான்.

‘ப்ரெஜுடிஸ்’ (prejudice) என்ற சொல்லைத் தமிழாக்கும் விஷயத்திலும் இப்படித்தான். ‘தப்பெண்ணம்’ என்றால் சரியான தகவல் கொடுத்தால் போய்விடும் என்று தோன்றும். லத்தீன் மூலத்தின் பொருள், விசாரிக்கும் முன்பே சொல்லிவிட்ட தீர்ப்பு. ‘முன்முடிவு’ அதற்கு நெருக்கம்.

சரி, சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இங்கிலாந்தில் 1991 முதல் ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்தது, கட்டாயப் பாடம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் கேட்டு 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. ‘ஆன்டிசெமிட்டிசம்’, அதாவது யூத வெறுப்பு, என்னவென்று மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தெரியவில்லை. சாவு மனத்தில் பதிந்திருக்கிறது, காரணம் பதியவில்லை. பாடத்திட்டத்தை எடைபோடுகிறவர்கள் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று எண்ணுவதைவிட, கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பார்க்கலாம்.

ருவாண்டாவையே எடுத்துக்கொள்வோம். 1930களில் பெல்ஜிய நிர்வாகம் கொடுத்த அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று வைத்திருப்பவரின் இனம் எழுதியிருந்தது. அறுபது ஆண்டு கழித்துச் டுட்சிகளைக் கொல்லச் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் கேட்டது அதே மாதிரி அட்டையைத்தான். அதற்கு முன்பே வானொலியில் டுட்சிகளை ‘இன்யென்சி’, கரப்பான்பூச்சி, என்று சொல்லிச் சொல்லிக் காது பழகியிருந்தது. பாடம் அட்டையிலிருந்து தொடங்கினால் ‘இனவழிப்பு’ என்ற சொல் தேவைப்படும். கொலைகள் தொடங்கிய 1994 ஏப்ரலில் தொடங்கினால், ‘இனப்படுகொலை’ என்ற தலைப்பே போதும்.