பத்திரம் முடிந்த பிறகு இறங்க வேண்டிய மலை

எங்கள் மனைத் தரகு அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களை, வனத்துறையின் அனுமதி பெற்று, கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சேர்வராயன் மலைமேல் செல்லும் நடைபாதையில் ஒருமுறையாவது ஏற்றி இறக்குவது என் வழக்கம். "பஸ்ஸில் போனால் 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்தில் ஏற்காடு போய்விடலாமே, அண்ணா" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட 1,200 மீட்டர் எப்படிப்பட்டது என்பது பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனவருக்குத் தெரிவதில்லை. மனை வணிகத்தில் ஒரே விற்பனையில் பெரிய கமிஷன் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே தவணையில் கார் எடுப்பவரும் அப்படிப்பட்டவர்தான்.

நடைபாதையில் ஏறும்போது எதிரே தெரியும் முகடுதான் உச்சி என்று தோன்றும். மூச்சிரைக்க அதை எட்டினால், பின்னால் இன்னொன்று நிற்கும். எங்கள் தொழிலில் டோக்கன் முன்பணம் கைமாறும் நாள் முதல் முகடு, கிரய ஒப்பந்தம் இரண்டாவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கும் நாள் மூன்றாவது. கமிஷன் பெரும்பாலும் அன்றைக்குத்தான் கைக்கு வரும் என்பதால், அதையே உச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். அது உச்சியாகவே இருந்தாலும், உச்சியிலிருந்து இறங்கியாக வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தொழிலுக்கு வந்த மூன்றாவது ஆண்டில், கன்னங்குறிச்சிப் பக்கம் மலையடிவாரத்தில் ஐந்து சென்ட் மனை ஒன்றை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தேன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டினோம். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. மனையைக் காட்டியபோது நான்கு மூலைக்கும் அவரை அழைத்துச் சென்று, "இதுதான் எல்லை, சார்" என்று கல்லைத் தொட்டுக் காட்டியவன் நான். கிழக்கு மூலையில் இருந்தது சர்வே கல் அல்ல, முன்பிருந்த உரிமையாளர் அடையாளத்துக்காக நட்டுவைத்திருந்த வெள்ளைக்கல். இந்தப் பகுதியில் நிறையக் கிடைக்கும் மேக்னசைட் தாது அது. பத்திரம் முடிந்தது, கமிஷனை வாங்கிக்கொண்டேன், அத்தோடு அந்தப் பக்கம் போகவே இல்லை.

எட்டு மாதம் கழித்து அவர் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தபோது, பக்கத்து நிலத்துக்காரர், எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சர்வேயர் வந்து அளந்தார். உண்மையான சர்வே கல், வெள்ளைக்கல்லுக்கு ஒன்பது அடி உள்ளே, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. ஒன்பது அடி அகலம், அறுபது அடி நீளம், 540 சதுர அடி. ஏறத்தாழ ஒன்றே கால் சென்ட். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "நீங்கதானே தம்பி கல்லைக் காட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். கமிஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிலம் திரும்பி வரவில்லை.

இறங்கும்போது ஏன் முட்டி நடுங்குகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஏறும்போது உடலை மேலே தள்ளும் தொடைத் தசை, இறங்கும்போது உடலின் பாரத்தை ஒவ்வோர் அடியிலும் நீண்டபடியே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதுவும் களைத்த நிலையில். கூடவே, முடிந்தது என்ற எண்ணத்தில் கண் பாதையை விட்டு விலகும். எங்கள் வேலையிலும் பத்திரத்துக்குப் பிறகுதான் பாரம் கூடுகிறது. நிலம் முழுதாகக் கைமாறினால் பட்டா மாறுதல் எளிது. ஒரு பகுதி மட்டும் விற்கப்பட்டிருந்தால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகே பட்டா பெயர் மாறும். அதுவரை நிலம் வாங்கியவரோடு அலைய எத்தனை தரகர்கள் இருக்கிறார்கள்?

பாதியில் திரும்பத் தெரிவதும் மலை ஏறுபவரின் திறமையில் சேர்த்தி. எவரெஸ்டில், உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும், குறித்த நேரத்துக்குள் எட்டாவிட்டால் இறங்கிவிட வேண்டும் என்று பிற்பகல் இரண்டு மணி போல ஒரு கெடுவை முன்பே வைத்துக்கொள்வார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்க வருபவர்களிடம் நான் இந்தக் கெடுவைக் கடைப்பிடிக்கிறேன். மலைப்பகுதியில் மனைப்பிரிவுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு வேண்டும். விற்கத் தடை போன்ற நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த, அதாவது நிபந்தனைப் பட்டா நிலமா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதம் அலைந்து, வாங்குபவரை நான்கு முறை மலைக்கு அழைத்துச் சென்ற பிறகு, நிபந்தனைப் பட்டா என்று தெரிந்து நான் விலகிய விற்பனை ஒன்று உண்டு. இன்னொருவர் அதை முடித்துக் கமிஷன் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

பனிமூட்டமும் வரும். 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எங்களில் பலருக்கு வேலை ஒரே நாளில் நின்றுபோனது. 20-10-2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-ல் வந்த பிறகே வழி தெரிந்தது. ஆறு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைபவரைப் போலத்தான் பதிவு இல்லாத முகவரும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக் குடியிருப்புகளுக்கு மேற்பட்ட திட்டங்கள் ஆணையத்தில் பதிவாக வேண்டும். அவற்றை விற்றுத் தரும் முகவரும் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்குப் 10,000 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும் அபராதம், விற்கப்பட்ட சொத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரை செல்லலாம். நிலம் வாங்குபவர்கள் முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவு எண்ணை. மலையடிவார மனையென்றால், முன்பணம் தருவதற்கு முன்பே சர்வேயர் அளவைக் கேளுங்கள். தயங்குகிற முகவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஏறிய வழியிலேயே இறங்கி, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, இளைஞர்களை அந்த ஆசிரியரின் தெருவுக்கு அழைத்துச் செல்வேன். அவர் வீட்டின் கிழக்குச் சுவர் சர்வே கல்லை ஒட்டி எழுந்திருக்கிறது. வெள்ளைக்கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. டேப்பின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து அளவைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒன்பது அடி, அண்ணா, என்பார்கள். காரணத்தை அதன் பிறகு சொல்வேன்.