பர்த் ஃப்ளவர்: பிறந்தநாள் மலர் இல்லை, பிறந்தமாதப் பூ

கையால் நகை செய்து விற்கிறவர்களிடம் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'பர்த் ஃப்ளவர்'. ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு பூ, சில மாதங்களுக்கு இரண்டு. நீங்கள் பிறந்த மாதத்தின் பூவை வெள்ளியிலோ களிமண்ணிலோ ரெசினிலோ (ஊற்றினால் இறுகிக் கண்ணாடி போலாகும் பிசின்) செய்து ஒரு டாலர் அல்லது ஒரு ஜோடி கம்மல், கூடவே அந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று எழுதிய சின்ன அட்டை.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நேராக மாற்றினால் 'பிறப்பு மலர்'. இது பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துத் தருகிற ஏதோ ஒன்று போல ஒலிக்கிறது. சரி, 'பிறந்தநாள் மலர்' என்று வைக்கலாமா என்றால் அது இன்னும் வம்பு, ஏனென்றால் தமிழில் பிறந்தநாள் மலர் என்றால் தலைவர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் பத்திரிகை போடும் சிறப்பிதழ், தீபாவளி மலர் மாதிரி. 'ராசிக்கல்' பழகிப்போனதால் 'ராசிப்பூ' என்று சொல்லவும் நாக்கு வரும். ஆனால் ராசி வேறு கணக்கு, ஆங்கில மாதம் வேறு கணக்கு. ஜோதிடத்தில் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் மரம் சொல்வார்கள், அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். என் ஓட்டு 'பிறந்தமாதப் பூ'வுக்கு. பேச்சில் 'மாதப்பூ' போதும்.

பர்த் ஃப்ளவர் என்ற சொல் பர்த்ஸ்டோனுக்கு, அதாவது பிறந்த மாதத்துக்கு உரிய கல்லுக்கு, தங்கை. 1912ல் அமெரிக்க நகை வணிகர்களின் தேசியச் சங்கம் கூடி, எந்த மாதத்துக்கு எந்தக் கல் என்று ஒரு பட்டியலை ஒழுங்குபடுத்தியது. பூக்களுக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பட்டியல் கிடையாது. அதனால்தான் ஜனவரிக்கு ஒருவர் கார்னேஷன் என்பார், இன்னொருவர் ஸ்னோடிராப் என்பார், இரண்டுமே சரிதான். ஜப்பானில் இதை 'தான்ஜோகா' என்கிறார்கள். தான்ஜோ என்றால் பிறப்பு, கா என்றால் பூ. அங்கே மாதத்தோடு நிறுத்தாமல் நாளுக்கு ஒரு பூ என்றே பட்டியல் போட்டுவிட்டார்கள்!

பூவுக்குப் பொருள் சொல்லும் பழக்கம் இதைவிடப் பழையது. 1819ல் பாரிசில் ஷார்லோட் டி லாத்தூர் என்ற புனைபெயரில் 'பூக்களின் மொழி' பற்றி ஒரு நூல் வந்தது. அதன்பின் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இந்தப் பூ அகராதிகள் வீட்டுக்கு வீடு புகுந்தன. வாயால் சொல்லக் கூச்சப்பட்டதைப் பூவால் சொல்லும் ஏற்பாடு. இன்றைக்கு நகையோடு வரும் அட்டையில் இருக்கும் 'அன்பு', 'நம்பிக்கை', 'தூய்மை' எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான், ஆனால் வருகிற வழியில் கசப்பானதை எல்லாம் வடிகட்டிவிட்டார்கள். அக்டோபருக்கு உரிய மேரிகோல்டுக்கு அந்தக் கால அகராதிகளில் துக்கம் என்று பொருள். இன்றைய அட்டையில் உற்சாகம், படைப்பாற்றல் என்று இருக்கும், துக்கத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்? ஆகஸ்டுக்கு உரிய பாப்பி முதலில் தூக்கத்தின் பூ; முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் அது போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் பூ ஆகிவிட்டது. நவம்பரின் கிரிசாந்திமம் ஜப்பானில் அரச குடும்பத்தின் சின்னம், பிரான்சில் கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ. பிரெஞ்சுத் தோழிக்கு அந்தக் கம்மலைப் பரிசளிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

பெயர்களின் வேரைப் பார்த்தால் நகை செய்கிறவருக்கு வடிவமே கிடைத்துவிடும். கிரிசாந்திமம் கிரேக்கத்தில் பொற்பூ. செப்டம்பரின் ஆஸ்டர் விண்மீன். ஆகஸ்டுக்கு இன்னொரு பூவான கிளாடியோலஸ் லத்தீனில் சின்ன வாள், அதன் இலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏப்ரலின் டெய்சி பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்', காலையில் விரிந்து மாலையில் மூடிக்கொள்வதால்.

தமிழில் பெயர் எழுதும்போது ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதுதான் சாமந்தி. அக்டோபர் மேரிகோல்டு, நவம்பர் கிரிசாந்திமம் இரண்டையுமே சாமந்தி என்று எழுதிவிடுகிறார்கள். பூக்கடையில் சாமந்தி, செவ்வந்தி என்றால் கிரிசாந்திமம். மேரிகோல்டை ஊருக்கு ஊர் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி, கேந்தி என்கிறோம். இது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பூ. அதிலும் ஒரு உள்குத்து உண்டு: ஐரோப்பியர் பழைய காலத்தில் மேரிகோல்டு என்று சொன்னது நம் செண்டுமல்லியையே அல்ல, காலெண்டுலாவை. செண்டுமல்லி சுருண்ட இதழ்கள் நெருங்கி அடைந்த உருண்டை, காலெண்டுலா நடுவட்டத்தைச் சுற்றித் தட்டையாக இதழ் விரித்த பூ. அக்டோபர் டாலருக்கு எதை வரைகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அட்டையில் பெயர் போடுங்கள்.

செய்முறையிலும் பூவுக்குப் பூ குணம் மாறுகிறது. ரெசினில் நிஜப் பூவைப் பதிப்பதானால் ஈரம்தான் எதிரி, அரைகுறையாகக் காய்ந்த பூவை ஊற்றி மூடினால் உள்ளேயே பழுத்துப் பழுப்பாகிவிடும். செண்டுமல்லி நல்ல பிள்ளை, காய்ந்தாலும் ஆரஞ்சு நிறம் நிற்கும். முழுப்பூவாக வைத்தால் தடிமன் இடிக்கும், அதனால் இதழ்களைக் கிள்ளி, மை ஒற்றும் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். பிறகு அச்சில் மெல்லிசாக ஒரு அடுக்கு ரெசின், அது கொஞ்சம் இறுகியதும் சாமணத்தால் இதழ்களை வெளிவட்டத்திலிருந்து உள்ளே நோக்கி அடுக்கி, மேலே இன்னொரு அடுக்கு. ரெசினையும் அதை இறுகவைக்கும் இறுக்கியையும் வேகமாகக் கலக்கினால் குமிழி குமிழியாக நிற்கும், பொறுமையாகக் கலக்குங்கள். சிவப்பு ரோஜா இதழ் காய்ந்தால் கறுத்துப்போகும். மல்லிகை பழுப்பாகிவிடும், அதை நிஜப்பூவாகப் பதிக்க நினைக்கவே வேண்டாம், உலோகத்தில் செய்துவிடலாம். நம் பொற்கொல்லர்கள் மல்லிகை மொட்டைத் தங்க மாலையாகக் கோத்தது அழகுக்காகத்தான், ஆனாலும் வாடாத மல்லிகை வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. வெள்ளியில் டெய்சி செய்வதானால் தகட்டை இதழ் இதழாக வெட்டி, அரத்தால் ஓரம் ராவி, வெண்காரம் தடவி, ஒட்டவைக்கும் உலோகமான பற்றாசு வைத்து, ஊதுகுழலால் தீயை ஊத வேண்டும். இதழ் நரம்புகளுக்கு மட்டும் நகாசு, அதாவது நுண்ணிய செதுக்கு வேலை, தெரிந்தவர் கை வேண்டும்.

கம்மல் செய்கிறவர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: 'தோடு' என்ற சொல்லுக்குக் காதணி என்பதோடு ஓலை, பூவிதழ் என்ற பொருள்களும் உண்டு. ஆக, பூவிதழ் வடிவில் காதணி செய்து விற்கிறவர் தோடு என்றே பெயர் வைக்கலாம், ஸ்டட் எதற்கு?

அப்புறம் அந்தப் பன்னிரண்டு மாதப் பூக்களும் குளிர்நாட்டுக் காலண்டருக்கு ஏற்றவை. ஜனவரியில் பனிக்கு நடுவே தலை நீட்டுவதால் ஸ்னோடிராப் ஜனவரிப் பூ ஆனது, மதுரை ஜனவரியில் அதற்கு என்ன வேலை? பூவைக் குறியாகச் சூடுவது நமக்கும் புதிதல்ல. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஆநிரை கவரப் போகிறவன் சூடியது வெட்சி. ஜெயித்தவன் சூடிய வாகையை விளையாட்டுச் செய்தியில் இன்றைக்கும் 'வாகை சூடினார்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் குலத்துக்கும் செயலுக்கும் உரிய பூ, பிறந்த மாதத்துக்கு உரியது அல்ல.

மாதத்தின் பெயரையே சுமக்கும் பூ வேண்டுமென்றால் இரண்டு கையருகே இருக்கின்றன. ஒன்று கார்த்திகைப்பூ, அதாவது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கார்த்திகை என்பது நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை, ஆகவே நவம்பர்க்காரருக்குச் சாமந்தி பிடிக்கவில்லை என்றால் இதைக் கொடுக்கலாம். நுனி சிவந்து அடி மஞ்சளாக மேல்நோக்கி வளைந்த அலையோர இதழ்கள், எனாமல் பூச்சுக்கென்றே பிறந்த மாதிரி. நிஜப்பூவைப் பதிக்கும் ஆசை வேண்டாம், செடி முழுக்க நஞ்சு, கிழங்கு ரொம்பவே மோசம். ஈழத்தவருக்குச் செய்து கொடுக்கும்போது அந்தப் பூவுக்கு அங்கே மாவீரர் நினைவோடு சேர்ந்த கனமான பொருள் உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும், 'உற்சாகம்' என்று அட்டை போட்டு அனுப்பிவிடாதீர்கள். இன்னொன்று டிசம்பர் பூ, பெயரிலேயே ஆங்கில மாதம். ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்த கோடு என்று வரும், வாசனை கிடையாது, கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். மேலைப் பட்டியலில் டிசம்பருக்கு நார்சிசஸும் ஹோலியும் இருக்கின்றன. ஹோலியை நேரில் பார்த்திராத டிசம்பர்க்காரி கேட்டால் நான் ஊதாக் களிமண்ணில் ஐந்து மெல்லிய இதழ் உருட்டி, புனல் மாதிரி அடியில் குவித்து, டிசம்பர் பூத் தோடு என்று எழுதிக் கொடுப்பேன்.