ஜெர்மனியிலிருந்து ஒயின் கொண்டுவருபவர்கள் கவனத்துக்கு: மூன்றாவது பாட்டிலில்தான் சிக்கல்

ஜெர்மனியின் பான் நகருக்குத் தெற்கே ரைன் நதியில் கலக்கும் சின்ன ஆற்றின் பெயர் 'ஆர்' (Ahr). குளிர்ப் பிரதேசம்தான். ஆனாலும் செங்குத்தான பாறைச் சரிவுகள் வெயிலின் சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே பெரும்பாலும் சிவப்பு ஒயின்தான் விளைகிறது. அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ லீவில் வரும்போது பாட்டில் எடுத்து வருகிறார்கள். ஏர்போர்ட்டில் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறார்கள். விதி தெரியாததுதான் காரணம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பயணி 2 லிட்டர் வரை மது வரி கட்டாமல் கொண்டுவரலாம். ஒயின், விஸ்கி எல்லாம் சேர்த்துத்தான் அந்த 2 லிட்டர். அதன் விலையும் உங்களுக்குரிய பொதுவான வரிவிலக்குத் தொகைக்குள்தான் அடங்கும், தனிச் சலுகை கிடையாது.

ஒயின் பாட்டில் 750 மில்லி. இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், மூன்றாவதை வைத்தால் 2.25. கால் லிட்டர்தானே என்று, வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்தால் மறைத்துக் கொண்டுவந்ததாகிவிடும். பறிமுதல், அபராதம் வரை போகும். மூன்று பாட்டில் இருந்தால், வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். வரி கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ரசீது இல்லாமல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

"நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து 4 லிட்டர்" என்ற கணக்கு செல்லாது. ஒருவர் சலுகையை இன்னொருவரோடு சேர்க்க விதி இடம் தரவில்லை. அவரவர் பாட்டில் அவரவர் பெட்டியில் இருக்கட்டும். கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியிலேயே போய்விடலாம், பல ஏர்போர்ட்டுகளில் அங்கே 100 மில்லிதான் கணக்கு. டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதென்றால், வழியில் விமானம் மாறும் வரை சீல் வைத்த பையைப் பிரிக்காதீர்கள்.

பறிமுதல் என்றால் அசதியில் இருப்பவரிடம் அச்சடித்த தாளை நீட்டுவார்கள். நோட்டீஸ் வேண்டாம் என்று நீங்களே எழுதிக்கொடுப்பதாக அதில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுங்கச் சட்டம் 124-ஆவது பிரிவின்படி காரணம் சொல்லி நோட்டீஸ் தந்து உங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் பறிமுதல் செய்ய வேண்டும். அது உங்கள் உரிமை, அதிகாரி செய்யும் தயவு அல்ல. உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாகக் காரில் வருபவர்களுக்கு இன்னொரு தொல்லை. அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, வண்டியும் போகலாம். பாட்டில் வாங்கிய பில், போர்டிங் பாஸ், சுங்க ரசீது மூன்றையும் கையோடு வைத்திருங்கள். பெங்களூர்க் கடையில் வாங்கியதை அதே பெட்டியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.