ஃப்ரீசரில் கத்திக்கு என்ன வேலை?

வஞ்சிரம் பாக்கெட் ஒன்று ஃப்ரீசர் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் கவர்தான் கிழிகிறது. காய் நறுக்கும் கத்தியை ஐஸுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். மீன் வரவில்லை. 'புஸ்ஸ்' என்று சத்தம்தான் வந்தது. மறுநாள் மெக்கானிக் எட்டிப் பார்த்ததுமே கேட்டார்: "கத்தி போட்டீங்களா சார்?"

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் சுவர்தான் குளிர்விக்கும் கருவியே. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவே ஊதி உப்பவைத்த பாதைகளில் கேஸ் ஓடுகிறது. ஐஸ் இல்லாதபோது தடவினால் அந்த மேடுகள் விரலில் தட்டும். தகடு மெல்லியது, கத்தி முனை பட்டாலே ஓட்டை. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடிய வாயு. சத்தம் கேட்டால் அடுப்பையும் ஸ்விட்சையும் தொடாமல் சன்னலைத் திறந்துவிட வேண்டும்.

சரி, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? நம் அடுப்படிக் காற்றிலிருந்து. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே காற்றால் ஒரு கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்க முடியும். மிச்சமெல்லாம் சுவரில் படிகிறது. 20 லிட்டர் ஃப்ரீசரை ஒருமுறை திறந்தால் அரை கிராம் என்று வையுங்கள். தினம் பத்து முறை என்றால் மாதத்துக்கு 150 கிராம். மூடாமல் வைத்த குழம்பும் தளர்ந்துபோன கதவு ரப்பரும் தனிக் கணக்கு.

நீராவி தண்ணீராகாமல் நேரே பனியாகப் படிவதால், துருவிய தேங்காய் மாதிரி பொலபொலவென்று இருக்கும். இடையிடையே காற்று சிக்கியிருக்கும். கெட்டி ஐஸே வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தில் நூறில் ஒரு பங்குதான். இந்தப் பொலபொலப் பனி அதைவிடப் பல மடங்கு மோசம். சுவருக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், கீழ்த்தட்டில் பால் புளித்துப்போகும். "ஐஸ் மலை மாதிரி கட்டுது, நல்ல கூலிங்" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது லேசில்லை.

அரை சென்டிமீட்டர் கட்டியதும் கரைத்துவிடுவது நல்லது. சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து மூடுங்கள். அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வேலை செய்வது ஆவி. ஒரு கிராம் ஆவி ஐஸில் பட்டுத் தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பம் கிட்டத்தட்ட ஏழு கிராம் ஐஸை உருக்கும். கால் மணி நேரத்தில் ஓரங்கள் நெகிழும். பாளம் பாளமாகக் கையோடு வரும். அவசரத்துக்கு உப்பைத் தூவாதீர்கள், அலுமினியம் அரிக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்தால் மீன் வாடை போய்விடும். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். மிஞ்சும் ஈரம்தான் அடுத்த பாக்கெட்டுக்குப் பசை.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜிலும் பனி படியத்தான் செய்கிறது. பின்சுவருக்குள் படிவதை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

கதவு ரப்பருக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. பெரும்பாலும் மடிப்பில் அழுக்கு சேர்ந்திருக்கும், சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகலாம்.

உருகிய தண்ணீர் பல ஃப்ரிட்ஜ்களில் குழாய் வழியே பின்னால் கம்ப்ரசர் மேலுள்ள ட்ரேயில் இறங்கி, அந்தச் சூட்டில் ஆவியாகும். ஆவியாகாமல் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மழைக்காலத்தில் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த ட்ரேயைத்தான்.